புடினுக்கு முன்பே தயாராக இருந்த நாற்காலி

ரஷ்யாவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு விளக்கங்கள் காதில் விழுகின்றன. ஒன்று, ரஷ்யர்களுக்கு எப்போதும் ஒரு ஜார் வேண்டும், அது அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது என்பது. இன்னொன்று, தொண்ணூறுகளில் மலர்ந்த ஜனநாயகத்தை 2000இல் வந்த ஓர் உளவுத்துறை அதிகாரி நெரித்துவிட்டார் என்பது. முதலாவதோடு வாதாடிப் பயனில்லை. ரத்தத்தைக் காரணம் காட்டிவிட்டால் பிறகு எந்தக் கேள்விக்கும் இடமில்லாமல் போகிறது. இரண்டாவதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. புடின் ஆட்சியில் பறிக்கப்பட்ட தொலைக்காட்சிகளும், சிறைக்குப் போனவர்களும், கொல்லப்பட்டவர்களும் கற்பனை இல்லை. ஆனால் அவர் கையாண்ட கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது எந்த ஆண்டு, யார் கையால் செய்யப்பட்டது என்று தேதி பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே 1991க்கும் 1996க்கும் நடுவில் போய் நிற்கின்றன. ஆளுநர்களை மேலிருந்து நியமிப்பது, சட்டமன்றத்தைத் தாண்டி ஆணையால் ஆள்வது, போர் என்று சொல்லாமலே போர் நடத்துவது, யார் ஜெயிப்பார் என்று முன்பே முடிவான ஏலம், ஒரே பக்கம் சாய்ந்த தொலைக்காட்சி. இவற்றைச் செய்தவர்கள் சீர்திருத்தக்காரர்கள். கம்யூனிஸ்டுகள் திரும்பி வந்துவிடக் கூடாது என்று மனமார நம்பியவர்கள். அந்த நம்பிக்கை நேர்மையானது என்பதால்தான் இந்த விஷயம் எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

சோவியத் ஒன்றியம் காகிதத்தில் இன்னும் உயிரோடு இருந்தபோதே, 1991 நவம்பர் 1 அன்று, அன்றைய நாடாளுமன்றமான ரஷ்ய மக்கள் பிரதிநிதிகள் காங்கிரஸ், அதிபர் யெல்ட்சினுக்கு ஓராண்டுக்குச் சிறப்பு அதிகாரம் கொடுத்தது. பொருளாதாரச் சீர்திருத்தத்துக்காக அவர் பிறப்பிக்கும் ஆணை நடப்பிலுள்ள சட்டத்துக்கு முரணாக இருக்கலாம். அதை காங்கிரஸின் நிரந்தர அவையான உச்ச சோவியத்துக்கு அனுப்ப வேண்டும். 7 நாளுக்குள் அது நிராகரிக்காவிட்டால் ஆணை செல்லும். கூடவே மாகாண நிர்வாகத் தலைவர்களுக்கான, அதாவது ஆளுநர்களுக்கான, தேர்தலும் 1992 டிசம்பர் 1 வரை தள்ளிவைக்கப்பட்டது. அதுவரை யெல்ட்சினே அவர்களை நியமிப்பார். ஏற்பாடு தற்காலிகமானது, காரணமும் நியாயமானது: கடைகளில் பொருள் இல்லை, கருவூலத்தில் டாலர் இல்லை, ஒவ்வொரு முடிவுக்கும் ஓட்டெடுப்பு நடத்த நேரமும் இல்லை.

1992 ஜனவரி 2 அன்று பெரும்பாலான பொருட்களின் விலை சந்தைக்கு விடப்பட்டது. கடைகளில் சரக்கு வந்தது, வரிசைகள் குறைந்தன. அந்த ஒரே ஆண்டில் விலைவாசி ஏறத்தாழ 26 மடங்கானது. சேமிப்பு வங்கியில் ஆயுள் முழுக்கப் போட்டு வைத்திருந்த பணம் சில மாதங்களில் செல்லாக்காசானது. ஆனால் எண்ணெயின் உள்நாட்டு விலை மட்டும் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. ஏற்றுமதி உரிமம் வைத்திருந்தவர் உள்நாட்டில் உலகச் சந்தை விலையின் சிறு பங்குக்கு எண்ணெயை வாங்கி, எல்லைக்கு வெளியே டாலருக்கு விற்றார். சந்தைக்குத் திறந்துவிட்ட விலைகளுக்கும் பூட்டி வைத்த விலைகளுக்கும் இடையிலான அந்த இடைவெளியில்தான் முதல் பெரும்பணம் உருவானது. அதற்குத் தேவைப்பட்டது தொழில் திறமையைவிட ஓர் அமைச்சகத்தின் கையெழுத்து. அதன் பிறகு வந்த பங்குச் சீட்டுத் திட்டத்தில், ஒவ்வொரு குடிமகனுக்கும் 10,000 ரூபிள் முகமதிப்புள்ள ஒரு சீட்டு கிடைத்தது. அதன் மதிப்பு ஒருநாள் இரண்டு வோல்கா கார்களுக்குச் சமமாகும் என்று தனியார்மயத்துக்குப் பொறுப்பாயிருந்த சுபைஸ் சொல்லியிருந்தார். பலர் அதை வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள். ஆண்களின் சராசரி ஆயுள் 1990இல் சுமார் 64 ஆண்டு. 1994இல் 58க்கும் கீழே இறங்கிவிட்டது.

இந்த வலியை யாராவது அரசியலில் பேசித்தானே ஆக வேண்டும்? பேசியது அந்தக் காங்கிரஸ்தான். 1990இல் போட்டியுள்ள தேர்தலில் வந்த அவை அது. யெல்ட்சினை முதலில் தன் தலைவராக்கியதும், சிறப்பு அதிகாரம் கொடுத்ததும் அதே அவை. 1992 டிசம்பரில் அது, சீர்திருத்தத்தை நடத்திய கைதரைப் பிரதமராக ஏற்க மறுத்தது. அங்கிருந்துதான் 1993க்குப் போகும் சரிவு தொடங்குகிறது.

1993, செப்டம்பர் 21 முதல் டிசம்பர் 12 வரை

நவீன ரஷ்யாவின் கதையில் ஒரே ஒரு திருப்புமுனையைக் காட்டச் சொன்னால், நான் புடின் பதவியேற்ற நாளையோ யூக்கோஸ் எண்ணெய் நிறுவன முதலாளி கோடர்கோவ்ஸ்கி கைதான நாளையோ சொல்ல மாட்டேன். இந்தப் பன்னிரண்டு வாரங்களைத்தான் சொல்வேன்.

செப்டம்பர் 21 மாலை யெல்ட்சின் தொலைக்காட்சியில் தோன்றி, 1400ஆம் எண் ஆணை மூலம் காங்கிரஸையும் உச்ச சோவியத்தையும் கலைத்தார். அன்று நடப்பிலிருந்த அரசியல் சட்டத்தில் 121-6 என்று ஒரு பிரிவு உண்டு: தேர்ந்தெடுக்கப்பட்ட அவைகளைக் கலைக்கவோ முடக்கவோ அதிபர் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தினால் அந்த அதிகாரம் உடனடியாக முடிந்துபோகும். சந்தேகத்துக்கே இடமில்லாத வாசகம். வலேரி சோர்கின் தலைமையிலான அரசியல் சட்ட நீதிமன்றம் அன்றிரவே கூடி, ஆணை சட்டத்துக்கு முரணானது என்று 9க்கு 4 என்ற கணக்கில் முடிவு சொன்னது. காங்கிரஸ் யெல்ட்சினை நீக்கி, துணை அதிபர் ருத்ஸ்கோயை அவர் இடத்தில் அமர்த்தியது. யெல்ட்சின் தரப்பு, மாஸ்கோவின் நாடாளுமன்றக் கட்டடமான வெள்ளை மாளிகையின் மின்சாரத்தையும் தொலைபேசியையும் துண்டித்தது. 1991 ஆகஸ்டில் யெல்ட்சின் டாங்கி மீது ஏறி நின்று பேசியது இதே கட்டடத்தின் முன்புதான்.

உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சட்டத்தின் காவலர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காங்கிரஸ் தனக்கு வேண்டியபோதெல்லாம் அரசியல் சட்டத்தைத் திருத்திக்கொண்டே இருந்தது. கட்டடத்துக்குள் ஆயுதம் ஏந்திய தீவிர தேசியவாதிகள் புகுந்திருந்தார்கள். அக்டோபர் 3 அன்று கூட்டம் முற்றுகையை உடைத்தபோது, மாநகர நிர்வாகக் கட்டடத்தையும் ஒஸ்தான்கினோ தொலைக்காட்சி நிலையத்தையும் பிடிக்கும்படி தூண்டியவர் ருத்ஸ்கோய். ஒஸ்தான்கினோவில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் காலை டாங்கிகள் வெள்ளை மாளிகையின் மேல்தளங்களைச் சுட்டன. பாதுகாப்பு அமைச்சர் கிராச்சொவ் எழுத்துபூர்வமான உத்தரவைக் கேட்டு வாங்கிய பிறகே அது நடந்தது. அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 147 பேர். 1994 பிப்ரவரியில் புதிய நாடாளுமன்றக் கீழவையான டூமா பொது மன்னிப்பு வழங்கியதால், யார் யாரைச் சுட்டார்கள் என்ற கேள்வி எந்த நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படவே இல்லை.

டாங்கிகளைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அடுத்த நாட்களில் நடந்தவை. அக்டோபர் 5 அன்று 42 எழுத்தாளர்கள் ஒரு கடிதத்தை இஸ்வெஸ்தியா நாளிதழில் வெளியிட்டார்கள். நாட்டின் மனசாட்சி என்று மதிக்கப்பட்ட பெயர்கள் அதில் இருந்தன. கம்யூனிஸ்ட், தேசியவாதக் கட்சிகளைத் தடை செய்ய வேண்டும், இன்னின்ன பத்திரிகைகளை மூட வேண்டும், காங்கிரஸோடு சேர்த்து அது அமைத்த அரசியல் சட்ட நீதிமன்றத்தையும் செல்லாததாகக் கருத வேண்டும் என்று அது கேட்டது. சோர்கின் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். அக்டோபர் 7இல் நீதிமன்றமே ஆணையால் முடக்கப்பட்டது. 1995 வரை அது இயங்கவில்லை. உள்ளூர் அவைகளான சோவியத்துகளும் அந்த மாதமே கலைக்கப்பட்டன. சில மாதங்களுக்கு முன்பு மக்கள் ஓட்டில் ஜெயித்து வந்திருந்த பிரியான்ஸ்க் நிர்வாகத் தலைவர் லோத்கின் செப்டம்பர் கடைசியிலேயே ஓர் ஆணையால் நீக்கப்பட்டிருந்தார். வெளிநாட்டுத் தலைநகரங்களும் யெல்ட்சின் பக்கமே நின்றன; கிளின்டன் வெளிப்படையாக ஆதரித்தார்.

பிறகு அரசியல் சட்டம். முந்தைய பொதுவாக்கெடுப்புச் சட்டப்படி, அரசியல் சட்ட விஷயங்களில் பதிவு செய்த வாக்காளர்கள் அனைவரிலும் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். அது கிடைக்காது என்று தெரிந்ததால், அக்டோபர் 15 ஆணை ஒன்று புது விதியை வகுத்தது: பாதிப் பேர் ஓட்டுப் போட்டால் போதும், போட்டவர்களில் பாதிக்கு மேல் ஆதரித்தால் போதும். டிசம்பர் 12 அன்று வந்தவர்கள் 54.8 சதவீதம், செல்லுபடியான ஓட்டுகளில் ஆதரவு 58.4 சதவீதம். மொத்த வாக்காளர்களில் பார்த்தால் சுமார் 31 சதவீதம். பழைய விதிப்படி அது தோற்றிருக்கும். அதே நாளில், அதே வாக்குச் சாவடியில், அந்தச் சட்டம் உருவாக்கப்போகும் டூமாவுக்கும் தேர்தல் நடந்தது. கட்சிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது தீவிர தேசியவாதி ஷிரினோவ்ஸ்கியின் கட்சி, 22.9 சதவீதம். கைதரின் கட்சிக்கு 15.5.

பிரிவு 111 வேலை செய்யும் விதம்

அந்த அரசியல் சட்டத்தின் உரிமைகள் பற்றிய அத்தியாயம் அருமையானது. சித்திரவதைத் தடை, பேச்சுரிமை, தணிக்கைத் தடை எல்லாம் உண்டு. சிக்கல் நான்காவது அத்தியாயத்தில், அதிபரிடமும் அவரைச் சுற்றிய பிரிவுகளிலும் இருக்கிறது. 2020 திருத்தத்துக்கு முன்பிருந்த பிரிவு 111ஐ மட்டும் பார்ப்போம். பிரதமரை அதிபர் முன்மொழிவார், டூமா ஒப்புதல் தர வேண்டும். டூமா மூன்று முறை மறுத்தால், அதிபர் தன் விருப்பப்படி பிரதமரை நியமித்துவிட்டு டூமாவைக் கலைத்துவிடுவார். அதாவது மறுப்பதற்கான தண்டனை முழுக்க மறுப்பவர் மேல்தான் விழுகிறது. அதிபருக்கு எந்த இழப்பும் இல்லை.

1998 ஏப்ரலில் இது நடந்துகாட்டியது. பிரதமர் செர்னோமிர்தினை நீக்கிவிட்டு, 35 வயது செர்கேய் கிரியென்கோவை யெல்ட்சின் முன்மொழிந்தார். ஏப்ரல் 10 அன்று 143 ஓட்டு. தேவை 226. யெல்ட்சின் அதே பெயரை மறுபடி அனுப்பினார். ஏப்ரல் 17 அன்று 115. ஆதரவு குறைந்துகொண்டுதான் போனது. மூன்றாவது முறையும் அதே பெயர். ஏப்ரல் 24 அன்று ரகசிய ஓட்டெடுப்பில் 251. ஒரு வாரத்தில் உறுப்பினர்களின் அபிப்பிராயம் மாறிவிடவில்லை. வீடு, கார், சம்பளம், சட்டப் பாதுகாப்பு எல்லாம் போய்விடும் என்ற கணக்கு மட்டும் முன்னால் வந்து நின்றது. ஒரே பெயரை மூன்று முறை அனுப்புவது சரியா என்று அரசியல் சட்ட நீதிமன்றத்தைக் கேட்டார்கள். சரிதான் என்று அந்த ஆண்டு டிசம்பரில் அது சொன்னது.

ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் இயந்திரம் நின்றுபோனது. ஆகஸ்ட் 17இல் அரசு கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்து ரூபிள் சரிந்த பிறகு, யெல்ட்சின் மீண்டும் செர்னோமிர்தினை முன்மொழிந்தார். டூமா இருமுறை மறுத்தது. மூன்றாவது முறை அனுப்ப யெல்ட்சினுக்குத் தெம்பில்லை. உடல்நலமும் செல்வாக்கும் போயிருந்தது. எதிர்க்கட்சிகள் ஏற்கக்கூடிய பிரிமகோவுக்கு இறங்கி வந்தார். தொண்ணூறுகளின் சுதந்திரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. டூமா எதிர்த்துப் பேசியது, ஆளுநர்கள் முரண்டு பிடித்தார்கள், தொலைக்காட்சிகள் திட்டின. எல்லாவற்றுக்கும் காரணம் நாற்காலியில் இருந்தவரின் பலவீனம். நாற்காலி அன்றும் அதே நாற்காலிதான்.

செச்னியா

1994 டிசம்பர் 11 அன்று, ரஷ்யாவிலிருந்து பிரிந்துபோக முயன்ற செச்னியாவுக்குள் படைகள் நுழைந்தன. அவசர நிலை அறிவிக்கப்படவில்லை, போர் நிலையும் இல்லை. இரண்டையும் அறிவிப்பதென்றால் மேலவையான கூட்டமைப்பு அவையின் ஒப்புதல் வேண்டும். அதைத் தவிர்த்து அதிபர் ஆணைகளின் பலத்தில் மட்டும் போர் தொடங்கியது. அவற்றுள் ஒன்று ரகசிய ஆணை. வழக்கு, மறுபடி கூட்டப்பட்ட அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போனது. 1995 ஜூலை 31 அன்று, நாட்டின் ஒருமைப்பாட்டைக் காக்கும் கடமை அதிபருக்கு இருப்பதால் அதற்கான அதிகாரமும் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்ற திசையில் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சட்டத்தில் எழுதப்படாத அதிகாரம் இப்படிச் சட்டத்துக்குள் வந்தது. சோர்கின் உட்படப் பல நீதிபதிகள் மாறுபட்ட கருத்து எழுதினார்கள்.

முதல் போர் தோல்வியில் முடிந்ததற்கு ராணுவத்தின் குளறுபடி ஒரு காரணம். புத்தாண்டு இரவில் செச்னியத் தலைநகர் குரோஸ்னிக்குள் அனுப்பப்பட்ட மைகோப் படையணி அங்கேயே நொறுங்கியது. இன்னொரு காரணம் கேமரா. தனியார் தொலைக்காட்சியான என்.டி.வி.யின் செய்தியாளர்கள் இரு பக்கத்திலிருந்தும் படம் பிடித்தார்கள். படைவீரர்களின் தாய்மார்கள் பிள்ளைகளைத் தேடி நேராகப் போர்க்களத்துக்குப் போனார்கள். இந்தப் பாடம் கிரெம்ளினில் நன்றாகவே பதிந்தது. 1999 ஆகஸ்டில் செச்னியத் தளபதி பசாயெவின் ஆட்கள் பக்கத்துக் குடியரசான தாகெஸ்தானுக்குள் புகுந்தார்கள். செப்டம்பரில் குடியிருப்புக் கட்டடங்கள் குண்டுகளில் இடிந்து சுமார் 300 பேர் இறந்தார்கள். அந்தப் பயத்தின் மீது இரண்டாவது போர் தொடங்கியபோது, அதற்குச் சட்டப் பெயர் ‘பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை’. அந்த ஏற்பாடு 2009 ஏப்ரல் வரை நீடித்தது. செய்தியாளர்கள் போர்ப்பகுதிக்குள் போக ராணுவத்தின் அனுமதி வேண்டியிருந்தது. ஆகஸ்டில் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிராத ஒரு பிரதமர், புடின், அந்தக் குளிர்காலத்துக்குள் நாட்டின் மிகப் பிரபலமான அரசியல்வாதியானார். 2022இல் உக்ரைன் மீது நடந்த படையெடுப்புக்குப் போர் என்று பெயர் வைக்காததும் இதே பழக்கத்தின் தொடர்ச்சி என்பதே என் கருத்து.

ஏலங்களும் 1996ம்

1995 கடைசியில் ‘பங்குக்குக் கடன்’ ஏலங்கள் நடந்தன. அதன் அமைப்பைக் கவனித்தால்தான் அரசியல் புரியும். வங்கி அரசுக்குக் கடன் தரும். அடமானமாக ஒரு பெரிய நிறுவனத்தின் பங்குகள். அரசு திருப்பித் தராவிட்டால், 1996 செப்டம்பருக்குப் பிறகு வங்கி அவற்றை விற்கலாம். அதிபர் தேர்தல் 1996 ஜூனில். ஆக, கம்யூனிஸ்ட் தலைவர் சியுகானோவ் ஜெயித்தால் வங்கிகளுக்கு எதுவும் மிஞ்சாது. யெல்ட்சின் ஜெயித்தால் நாட்டின் நிக்கலும் எண்ணெயும் அவர்கள் கையில். நோரில்ஸ்க் நிக்கலின் 38 சதவீதம் 17.01 கோடி டாலருக்கு, தொடக்க விலையைவிட 1 லட்சம் டாலர் மட்டும் கூடுதலாக, ஏலத்தை நடத்திய ஒனெக்சிம் வங்கியின் தரப்புக்கே போனது. 35.5 கோடி கொண்டுவந்த போட்டி வங்கியை, மூலதனம் போதாது என்று சொல்லி ஒதுக்கினார்கள். யூக்கோஸின் 45 சதவீதம் 15.9 கோடிக்கு கோடர்கோவ்ஸ்கியின் மெனாதெப் வங்கித் தரப்புக்கு.

1996 மார்ச்சில் டூமாவைக் கலைத்து, கம்யூனிஸ்ட் கட்சியைத் தடைசெய்து, தேர்தலைத் தள்ளிப்போடும் ஆணைகள் தயாராகவே இருந்தன. யெல்ட்சினே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். உள்துறை அமைச்சர் குலிகோவின் எதிர்ப்பும் சுபைஸின் வாதமும் அவரைத் தடுத்தன. தேர்தல் நடந்தது. ஆனால் என்.டி.வி. தலைவர் மலஷென்கோ யெல்ட்சினின் பிரச்சாரக் குழுவிலேயே உட்கார்ந்திருந்தார். இறுதிச் சுற்றுக்கு முன் யெல்ட்சினுக்கு வந்த மாரடைப்பு மக்களிடமிருந்து மறைக்கப்பட்டது. ஜூலை 3 இறுதிச் சுற்றில் 53.8க்கு 40.3. நல்ல நோக்கத்துக்காகத் தொலைக்காட்சியை ஒரு வேட்பாளரின் கருவியாக்கலாம் என்று ஒப்புக்கொண்ட அன்றே, என்.டி.வி. தன்னைக் காத்துக்கொள்ளும் வாதத்தை இழந்துவிட்டது. 2001 ஏப்ரலில் அரசின் பிடியிலிருந்த எரிவாயு நிறுவனமான காஸ்புரோம் அதைக் கைப்பற்றியபோது தெருவில் இறங்கியவர்கள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யெல்ட்சினின் மாகாணப் பிரதிநிதிகள் 2000 மே மாதத்தில் 7 கூட்டமைப்பு மாவட்டங்களின் தூதர்களானார்கள். யூக்கோஸின் முக்கியக் கிணறுகளை வைத்திருந்த யுகான்ஸ்க்நெப்திகாஸ் 2004 டிசம்பர் 19 அன்று, சில நாட்களுக்கு முன்பு பதிவான ஒரு பெயர்ப்பலகை நிறுவனத்துக்கு ஏலம் போனது. அதே வாரம் அரசு எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெப்தின் கைக்கு வந்தது. 2004 செப்டம்பரில் பயங்கரவாதிகள் பிடித்த பெஸ்லான் பள்ளியில் 334 பேர் இறந்து பத்து நாள் கழித்து, ஆளுநர் தேர்தலை ரத்து செய்வதாக புடின் அறிவித்தார். பயங்கரவாதத் தாக்குதலுக்கும் ஆளுநர் தேர்தலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் 1991 முதல் பல ஆண்டுகள் நியமன ஆளுநர்களோடு வாழ்ந்த நாட்டுக்கு அது புதிய காட்சியாக இல்லை. எண்ணெய் விலை ஏற்றமும் சம்பளம் நேரத்துக்கு வந்ததும் மீதியைப் பார்த்துக்கொண்டன.

இந்தக் கதையில் எனக்கு மறக்க முடியாதவர் சோர்கின். 2003இல் அவர் மீண்டும் நீதிமன்றத் தலைவரானார். ஆளுநரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1996இல் சொன்ன நீதிமன்றம், 2005 டிசம்பரில் அவர் தலைமையில் நியமனத்தை ஏற்றது. 2014 மார்ச்சில் கிரைமியாவை ரஷ்யாவோடு இணைக்கும் ஒப்பந்தத்தை ஏற்றது. 2020 மார்ச் 16 அன்று, புடினின் முந்தைய பதவிக் காலங்களைக் கணக்கிலெடுக்காமல் விடும் திருத்தத்தையும் ஏற்றது. அவர் மனதுக்குள் என்ன நடந்தது என்று ஊகிக்க நான் விரும்பவில்லை. ஒரு நீதிமன்றம் சட்டத்தைச் சொன்னதற்காக முடக்கப்பட்டதை நேரில் அனுபவித்தவர் அவர். அதைக் கண்டித்துப் பேச அன்று தாராளவாதிகளில் மிகச் சிலரே இருந்தார்கள்.

2023 ஆகஸ்டில் சிறையிலிருந்து எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி எழுதிய நீண்ட கடிதம் புலம்பெயர்ந்த ரஷ்யர்களிடையே பெரும் சண்டையைக் கிளப்பியது. அவர் கோபம் புடின் மீதிருந்ததைவிட யெல்ட்சின், சுபைஸ் மீதும், அதிபருக்கு மன்னருக்குரிய அதிகாரம் கொடுத்த அந்த அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் மீதும் அதிகமாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, புடினுக்குப் பிந்தைய ரஷ்யா நாடாளுமன்றக் குடியரசாக வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். கம்யூனிஸ்டுகள் வந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று பதில் சொன்னவர்கள் உண்டு. ஆகியிருக்கலாம். ஆனால் ஓட்டில் வருபவர் ஓட்டில் போகவும் வேண்டிய ஓர் ஏற்பாடு 1993இல் அமைந்திருந்தால், அந்தப் பயத்துக்கே பாதி மருந்து கிடைத்திருக்கும்.

சட்ட நடைமுறைப்படி இதைச் சரிசெய்வது கடினமும் இல்லை. அதிபரின் அதிகாரம் உள்ள நான்காவது அத்தியாயம், 1, 2, 9ஆம் அத்தியாயங்களைப் போலப் பூட்டப்பட்டதல்ல. டூமாவில் மூன்றில் இரண்டு பங்கு, மேலவையில் நான்கில் மூன்று பங்கு, மாகாண அவைகளில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் திருத்தலாம். அந்த வழி பலமுறை பயன்பட்டும் இருக்கிறது. 2008இல் மெத்வதேவ் அதிபரின் பதவிக்காலத்தை 4 ஆண்டிலிருந்து 6 ஆண்டாக்கினார். 2014இல் அரசு வழக்கறிஞர்கள் நியமனத்திலும் மேலவை உறுப்பினர் நியமனத்திலும் அதிபரின் கை நீண்டது. 2020இல் புடின் 2036 வரை பதவியில் இருக்க வழி திறந்தது.